அடிக்க வேண்டிய பந்து

"இது விளையாட்டும்மா, உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று கிளப் செயலாளர் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. டயர் கடை வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு கிரிக்கெட் கிளப்பையும் கட்டி மேய்க்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் கடைசி வரைக்கும் கூடவே நின்றவர். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, "ஏன் அப்படி அடிச்சான்?" என்று கேட்கிற ஒருத்தியிடம் புரியாது என்று சொல்லலாமா? அதுவும் இவளிடம் சொல்லவே கூடாது.

இவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். தைத்து முடிந்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவள் முன்னால் வந்து விழும். ஒரு காலர் கோணிக்கொண்டு வந்தால் எல்லோரும் காலர் வைத்த பெண்ணைத்தான் பிடித்து உலுக்குவார்கள். இவள் உலுக்க மாட்டாள். சட்டையை உள்பக்கம் திருப்புவாள், ரெண்டு தையலைப் பிரிப்பாள், துணியை விளக்குக்கு நேரே பிடிப்பாள். "பாவம், அந்தப் பொண்ணை விடுங்க. இது கட்டிங்லயே கோணிடுச்சு" என்பாள். தப்பு எந்த மேசையில் பிறந்தது என்று தெரியாமல் ஒரு பீஸைக் கீழே வைக்க மாட்டாள். சூப்பர்வைசருக்கே இவளிடம் ஒரு பயம் உண்டு. துணி வெட்டுகிறவன் இவள் மேசைப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குக் கூரியர் கிடங்கில் வேலை. சின்னவன் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான். அப்பா முகம் சரியாகத் தெரியாமல் வளர்ந்தவர்கள் என்பதாலோ என்னவோ, சின்னவனுக்கு அண்ணன்தான் எல்லாம். அண்ணன் போட்டுக் கழித்த செருப்பைக்கூடச் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு திரிவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரே வண்டியில் மைதானத்துக்குப் பறந்துவிடுவார்கள். பெரியவன் பந்து போடுகிறவன். வேகப்பந்து இல்லை, சுழல் பந்து. சின்னவன் கைக்கு எட்டியது எதையும் கீழே விடாதவன். அந்த விளையாட்டைப் பற்றி இவளுக்குத் தெரிந்ததெல்லாம் சின்னவனின் முழங்காலில் புல் கறை, பெரியவனின் தொடையில் பந்து தேய்த்த சிவப்புக் கறை. இரண்டையும் தோய்த்துத் தோய்த்து அவள் விரல்தான் தேய்ந்தது.

நடந்தது இதுதான். பெரியவன் பந்து போட்டான். எதிர் டீமில் கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டையைச் சுழற்றினான். பந்து நேரே போய்ச் சின்னவனின் காதுக்குக் கீழே அடித்தது. அந்த மட்டைக்காரனுக்கு ரொம்பக் கிட்டத்தில் அவன் குனிந்து நின்றுகொண்டிருந்தானாம். தலையில் ஹெல்மெட் இல்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான். இதை ஊரில் எல்லோரும் இதே வரிசையில்தான் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லோரும் "தலையெழுத்து" என்றார்கள். தையல் பிரிக்கத் தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது என்பது அவள் எண்ணம்.

அவள் மனசு ஒரே இடத்தில் போய் நின்றது. அந்தக் கண்ணாடிப் பையன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிள்ளை குனிந்து நிற்பது இரண்டு கண்ணுக்கும் தெரியாமலா இருக்கும்? கண் போதாது என்றுதானே கண்ணாடி வேறு போட்டிருக்கிறான்? தெரிந்துதானே அடித்திருக்கிறான்? காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பிப்பாள். "அந்தக் கை விளங்காமப் போகணும். அடிச்ச கை அழுகணும்." சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் சின்னவன் படத்தைத் துடைக்கும்போது மறுபடியும் ஆரம்பிப்பாள். அது காதில் விழுந்ததும் பெரியவன் எழுந்துவிடுவான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். தம்பி பேச்சை எடுத்தாலே தாங்க மாட்டேன் என்கிறான் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி அழுவாள்.

அவன் மைதானத்துப் பக்கமே போவதில்லை. பந்தைத் தொடுவதில்லை. கிடங்கில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் மூட்டை ஏற்றினான்.

செயலாளர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஒருநாள் சமையலறை மேசையில் அவனை உட்காரவைத்து, "எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் குடு" என்றாள். அவன் திடுக்கிட்டுப் போனான். எதற்கு என்று கேட்டான்.

"அந்தப் பையனை நேர்ல நிக்க வெச்சு ஒரு கேள்வி கேக்கணும். கேக்கறப்போ, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு ஒருத்தனும் மழுப்பக் கூடாது."

பெரியவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். வேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் எழுந்து போய் உப்பு டப்பாவையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு வந்தான். மேசையை ஈரத் துணியால் துடைத்தான். உப்பு டப்பாதான் ஸ்டம்ப் என்றான்.

பாடம் அப்படி ஆரம்பித்தது. மாணவி லேசுப்பட்டவள் இல்லை. முதல் நாளே, மட்டையோடு நிற்கிற இரண்டு பேரும் ஒரே டீம் என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே டீம் என்றால் எதற்கு எதிரும் புதிருமாக ஓடுகிறார்கள்? பேசிவைத்துக்கொண்டு ஒரே பக்கமாக ஓடினால் என்ன? ஐந்து நாள் ஆடியும் யாருக்கும் வெற்றி இல்லை என்று கை குலுக்கிக்கொண்டு போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கம்பெனியில் அஞ்சு நாள் வேலை பார்த்துவிட்டு ஒரு சட்டையும் முடியவில்லை என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்றாள். எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று அவன் விளக்கியதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாள். படவே படாத ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று சொல்லி ஒருத்தனை வெளியே அனுப்புவது எந்த ஊர் நியாயம்? நடக்காத தப்புக்குத் தண்டனையா?

பெரியவன் சிரித்துவிட்டான். தம்பி போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்த மறுகணம் இரண்டு பேருமே கூடத்தில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டம்ளர்களை எடுத்துக் கழுவப் போய்விட்டான்.

ஆனாலும் அவள் விடவில்லை. சட்டையைப் பார்க்கிற கண்ணால் பந்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு சந்தேகம் கேட்டாள். அந்த ஆள் அதற்குப் பிறகு இவளைக் கண்டால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டான். ஓவர் என்றால் ஆறு பந்து, ஒரே ஆள் அடுத்தடுத்த ஓவர் போடக் கூடாது, தரையில் படாமல் பிடித்தால் அவுட், நடுவர் முட்டியைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாக மண்டையில் ஏறியது. ஆள் நிற்கிற இடங்களுக்குத்தான் எத்தனை பெயர்கள்! மைதானத்தில் பெயர் இல்லாத இடமே கிடையாது போலிருக்கிறது.

கடைசியில் அந்த இடத்துக்கு வந்தார்கள். சின்னவன் எங்கே நின்றான் என்று காட்டு என்றாள்.

பெரியவன் ஒரு தீப்பெட்டியை எடுத்தான். மட்டைக்காரனாக நின்ற டம்ளரை ஒட்டினாற்போல் வைத்தான். ஷார்ட் லெக் என்றான். இத்தனை கிட்டவா? இங்கே ஒரு பிள்ளையை நிறுத்துவார்களா? அவன் மெதுவாகச் சொன்னான். சுழல் பந்து நல்ல இடத்தில் விழுந்தால் மட்டைக்காரனால் அடிக்க முடியாது, குனிந்து தடுக்கத்தான் முடியும். தடுக்கும்போது மட்டையிலும் காலிலும் பட்டுச் சட்டென்று எழும்பும். அதை அள்ளிப் பிடிக்கத்தான் அந்த இடத்தில் ஆள். துணிச்சல் இருக்கிறவன்தான் நிற்பான். சின்னவனை யாரும் நிறுத்தவில்லை, அண்ணன் பந்து போட வந்தால் அவனே ஓடிப் போய் அங்கே நின்றுகொள்வான்.

"தடுக்கத்தான் முடியும்னா, அந்தப் பாவி ஏன் அடிச்சான்?"

பெரியவன் தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாப் பந்தும் ஒரே இடத்துல விழாதும்மா" என்றான்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தடுக்க வேண்டிய இடத்தில் அடித்திருக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. கேள்வி கிடைத்துவிட்டது. ஷார்ட் லெக்கில் ஆள் நிற்கிறான் என்று தெரிந்தும் ஏன் அடித்தாய்? இப்போது யார் மழுப்புகிறார்கள் பார்க்கலாம். சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, ஆனால் கிட்டத்தட்ட அப்படி ஒன்று அவளுக்கு அன்றைக்கு வந்தது. மறுநாள் காலையில் அடுப்புக்கு முன்னால் நின்று, இன்னும் விவரமாகவே திட்டினாள். ஷார்ட் லெக், மட்டை, சுழல் பந்து எல்லாம் அந்தத் திட்டில் இருந்தன.

மழைக்காலம் முடிந்ததும் செயலாளர் வந்தார். சின்னவன் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறோம், அந்தப் பையனோட டீமும் நம் டீமும் ஆடுகிறோம், அம்மா வந்து உங்கள் கையால் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பையன் அன்றிலிருந்து மட்டையைத் தொடவில்லை, உங்களைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான், உங்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்றார். அவள் வருகிறேன் என்றாள். இத்தனை நாள் படித்தது அதற்குத்தானே. பெரியவனும் வந்துதான் ஆக வேண்டும் என்றாள். அவன் ஆட மாட்டேன், வேண்டுமானால் தண்ணீர் சுமக்கிறேன் என்றான்.

மைதானத்தில் அவளுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் செயலாளர் உட்கார்ந்துகொண்டார். பெரியவன் தூரத்தில், தகரக் கொட்டகையின் நிழலில் தண்ணீர் கேன்களோடு நின்றான். ஆட்டம் ஆரம்பித்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது; எல்லாம் புரிந்தது. ஒரு பந்து காலில் பட்டு ஓடியபோது, நடுவர் முட்டியைத் தட்டுவதற்கு முன்பே, "லெக் பை" என்று அவள் வாய் முணுமுணுத்தது. செயலாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளையைத் தின்ற மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு பெருமைப்படுகிறோமே என்று உடனே தன்னையே நொந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுழல் பந்து போடுகிற ஒரு பையன் வந்தான். இன்னொரு பையன் மட்டைக்காரனுக்குக் கிட்டே ஓடிப் போய்க் குனிந்து நின்றான். ஷார்ட் லெக். அவன் தலையில் புத்தம் புது ஹெல்மெட். நம் சின்னவன் செத்து வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

இரண்டு பந்து நல்ல இடத்தில் விழுந்தது. மட்டைக்காரன் குனிந்து தடுத்தான், பெரியவன் மேசையில் காட்டியது போலவே. மூன்றாவது பந்து பாதி வழியிலேயே விழுந்து, இடுப்பு உயரத்துக்கு நிதானமாக எழும்பி வந்தது. மட்டைக்காரன் ஒரு அடி பின்னால் வைத்து ஓங்கிச் சுழற்றினான். பந்து தரையில் விழுந்த உடனேயே ஷார்ட் லெக் பையன் முதுகைத் திருப்பிக்கொண்டு, தலையைக் கைக்குள் புதைத்துச் சுருண்டுவிட்டான். பந்து அவன் தோள்பட்டையில் பட்டென்று அடித்துவிட்டுப் போயிற்று.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். இப்போது அந்தப் பையன் மட்டைக்காரன் சட்டையைப் பிடிப்பான், பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பையன் எழுந்தான். தோளைத் தேய்த்தான். மட்டைக்காரனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பந்து போட்டவனைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், கொல்லப் பாக்கறியா? ஒழுங்காப் போடுடா."

பந்து போட்டவன் நெஞ்சில் கைவைத்து, தப்புதான், தப்புதான் என்று தலையைக் குனிந்தான். மற்ற பையன்களும் அவனைத்தான் கடிந்துகொண்டார்கள். மட்டைக்காரன் மேல் ஒருத்தருக்கும் ஒரு கோபமும் இல்லை. அவன் தன் பாட்டுக்குக் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

எதற்குப் பந்து போட்டவனைத் திட்டுகிறார்கள் என்று அவள் செயலாளரிடம் கேட்டாள். அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல் பதில் சொல்ல ஆரம்பித்தார். "பந்து ஷார்ட்டா, பாதி வழியிலேயே விழுந்துடுச்சும்மா. அப்படி விழுந்தா எவனா இருந்தாலும் அடிக்கத்தான் செய்வான். அடிச்சா நேரா அங்க நிக்கறவன் மேலதான். அதனாலதான், போடறவன்..."

அவ்வளவுதான் சொன்னார். வாக்கியம் பாதியில் நின்றது. அவர் கண் தன்னையும் மீறித் தகரக் கொட்டகைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பிறகு வெயில் அதிகமாக இருக்கிறது, குடை கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவள் உட்கார்ந்தாள். குடை வேண்டாம் என்றாள். காலர் வைத்தவளைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் உலுக்கியிருக்கிறாள். துணி வெட்டிய மேசையை அவள் திரும்பியே பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே நின்றது யார்? அவள் வயிற்றில் முதலில் பிறந்தவன். "எல்லாப் பந்தும் ஒரே இடத்துல விழாதும்மா." அவன் சொல்லத்தான் செய்தான். மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். செயலாளருக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியும். அவளைத் தவிர எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். அதனால்தான் செயலாளர் அன்றைக்குப் புரியாது என்று சொல்லியிருக்கிறார். புரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், புண்ணியவான்.

அடித்த கை அழுகட்டும் என்று அவள் காலையும் மாலையும் சொன்னாளே, அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் யார்? கண்ணாடிப் பையன் காதில் அதில் ஒரு சொல்லும் விழுந்திருக்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் பெரியவன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில், மிச்சம் இருந்த பிள்ளையை அவள் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறாள். அதற்கு மேல் ஆட்டத்தில் என்ன நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்பது எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் அவளைத் தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிப் பையன் அங்கே நின்றான். அவள் கற்பனையில் தடியனாக, திமிர் பிடித்தவனாக வளர்ந்திருந்த பையன், நேரில் பார்த்தால் சின்னவன் வயசுதான். மெலிந்த கழுத்து. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் யார் நிற்கிறார் என்று தெரியாதவன் போலக் கண்ணை இடுக்கினான். நாலடி தள்ளிப் பெரியவன் குழாயடியில் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை.

அவள் கேள்வியைக் கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. பையன் தானே அழுதுகொண்டு ஆரம்பித்தான்.

"பக்கத்துல ஆள் நிக்கறது தெரியும்மா. தெரிஞ்சும் அடிச்சிட்டேன். தப்பு முழுக்க என்னோடது. வேற யார் மேலயும் இல்லம்மா."

வேறு யார் மேலும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவன் அவளைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தானா? பந்து ஷார்ட்டாக விழுந்தது என்று ஒரே ஒரு சொல் சொன்னால் இவன் தப்பித்துக்கொள்ளலாம். அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு, பெற்றவளின் சாபத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்து நிற்கிறானே. யார் பெற்ற பிள்ளையோ! அவளுக்கு மனசு உருகிப் போயிற்று. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையையா விளங்காமல் போகச் சொன்னோம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதப்பா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. போய் ஆடு. அடிக்க வேண்டிய பந்தைத்தானே நீ அடிச்சே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் பேசவே தெரிந்திருக்காது. கற்றுக்கொண்டதனால் வந்த வார்த்தை அது. விளையாட்டு தெரிந்த எவனும் அதைக் கேட்டால், அப்படி ஒரு பந்தைப் போட்டது யார் என்கிற அடுத்த கேள்விக்குப் போவான். குழாயடியில் கேன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பெரியவன் குழாயை மூடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு கேனை அப்படியே விட்டுவிட்டு மைதானத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

அவள் கோப்பையைக் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். யார் கையில் கொடுத்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அவன் வந்திருக்கவில்லை. சமையல் செய்தாள்; கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. எங்கேயாவது போய் எதையாவது செய்துகொண்டுவிடுவானோ என்று பயம். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். விளக்குப் போடுகிற நேரத்தில் வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"தெரிஞ்சு போச்சாம்மா?" என்றான்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். வழி நெடுக யோசித்துவைத்ததைச் சொன்னாள். சட்டை தைக்கிறவளுக்குக் கை நழுவாதா, வியர்த்த கையில் பந்து நழுவாதா, எவனும் வேண்டுமென்று அப்படிப் போடுவானா, இன்றைக்குப் பந்து போட்ட பையனுக்கும்தான் நழுவியது, அதற்காக அவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியுமா என்றாள். தனக்குத் தெரிந்த கிரிக்கெட்டையெல்லாம் திரட்டி அவனுக்காக வாதாடினாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"இன்னிக்கு ஷார்ட் லெக்ல நின்ன பையன் என்ன பண்ணினான் பாத்தியாம்மா? பந்து விழுந்த இடத்தைப் பாத்ததும் திரும்பிச் சுருண்டுட்டான். யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க. நம்ம தம்பி பண்ணல. என் பந்து ஷார்ட்டா விழும்னு இவனுக்குத் தோணவே இல்ல. பிடிக்கறதுக்குக் கையை விரிச்சுக்கிட்டு அப்படியே நின்னான்."

அவளிடம் இருந்த வாதமெல்லாம் தீர்ந்து போயிற்று. அண்ணனை நம்பியது சின்னவன் தப்பு என்று சொல்வாளா?

"அப்ப நீயே ஏண்டா எனக்குச் சொல்லிக் குடுத்தே?" என்றாள். "தெரியாதுன்னு விட்டிருக்கலாமே. நான் பாட்டுக்குக் கண்ணை மூடியிருப்பேனே."

"என்னால சொல்ல முடியலம்மா. வாய் வரல. கத்துக்கிட்டா நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன். நீதான் எதையும் விட மாட்டியே." அவன் குரல் உடைந்தது. "தினமும் யாரையோ திட்டறே. என்னைத் திட்டும்மா. ஒரு தடவை என் பேரைச் சொல்லித் திட்டிடு."

அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடிப் பையனுக்காகச் சேர்த்துவைத்த சாபமெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. பெற்ற வாய்க்கு அது முடியுமா? ஆனால் அவன் கேட்பது அதைத்தான். மன்னிப்பு அவனுக்கு வேண்டாம். கொடுத்தால் அதை அவனால் சுமக்க முடியாது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கொடுக்க முடிந்ததை அவன் கேட்கவில்லை, கேட்டதை அவளால் கொடுக்க முடியவில்லை.

"மொதல்ல சாப்பிடு" என்றாள். "அப்புறம் திட்டறேன்."

தட்டை வைத்துப் பரிமாறினாள். அவன் தலை நிமிராமல், சின்னப் பிள்ளை போல ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, திட்டு வாங்கிக்கொள்ள அவள் எதிரில் உட்கார்ந்தான்.